பத்தாம் ஆண்டு வசவு

கழுகுக்கூட்டில் யாரும் யாரையும் வாழ்த்துவதில்லை. பிறந்தநாளானாலும் சரி, பிள்ளை பிறந்தாலும் சரி, வசவுதான். தேரிக் கழுகுகள் என்ற கபடி அணியின் ரசிகர்கள் நாற்பது பேர் சேர்ந்து இணையத்தில் அந்தக் கூட்டைக் கட்டிய முதல் மாதத்திலேயே அணி வரிசையாக ஐந்து ஆட்டம் தோற்றது. துக்கம் விசாரிக்க வந்தவர்களையெல்லாம் திட்டி விரட்டினார்கள். திட்டு வாங்கியும் போகாதவர்களை உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். அதுவே வழக்கமாயிற்று. புதிதாக வருகிறவருக்கு முதல் வசவு. ஆண்டுவிழா அன்று சரியாக மாலை ஆறு மணிக்கு ஒவ்வொருவருக்கும் ஆண்டு வசவு. தனக்கு வந்ததைப் பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு பெண் பார்க்கப் போனவனும் உண்டு. கூட்டின் விதிகளில் முதலாவது இதுதான்: கூட்டுக்குள் சொல்வதெல்லாம் அன்பு.

நாற்பது பேராக இருந்தபோது மூன்று பேர் ஒரே இருப்பில் எல்லா வசவையும் கையால் எழுதிவிடுவார்கள். பத்தாம் ஆண்டில் உறுப்பினர் கணக்கு பதினோராயிரத்தைத் தாண்டிவிட்டது. ஆகவே இந்த முறை எழுதியது அலகு. அலகு என்பது கிளாட்வின் செய்த மென்பொருள். பத்து வருஷத்துப் பேச்சையும் படித்து, ஆளுக்கு ஆள் அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் ஒரு வசவு தரும்.

விழா நாளன்று பிற்பகல் மூன்று மணிக்குத் தூத்துக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி அறையில் உட்கார்ந்து பிரசில்லா அந்த வசவுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். கீழே கூடத்தில் நாற்காலி போடும் சத்தமும் மைக்கைத் தட்டிப் பார்க்கும் சத்தமும் கேட்டன. அவளுக்கு இருபத்து மூன்று வயது. பகலில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை. மாலையில் பாலிடெக்னிக்கில் தரவு வகைப்படுத்தும் வகுப்பு. வீட்டுக்குப் போனதும் நாட்குறிப்பு. எதைச் செய்வதற்கு முன்னும் நாட்குறிப்பில் நடுவே ஒரு கோடு போட்டு, செய்யலாம் என்பதற்கான காரணங்களை இடப்பக்கமும் வேண்டாம் என்பதற்கான காரணங்களை வலப்பக்கமும் எழுதுவாள். செய்து முடித்த பிறகும் சரிதானா என்று நாலு நாள் யோசிப்பாள். கூட்டின் பதிவுகளைத் தொகுத்து வரிசை எண் போட்டு வைக்கும் பதிவுக்காரி ஐந்து வருஷமாக அவள்தான். ஒரு வசவுகூட அவளுக்கு ஒழுங்காகப் போட வந்ததில்லை. ஒரே ஒருமுறை முயன்று, 'நீங்கள் ஒரு முட்டாள் என்று கருதுகிறேன்' என்று எழுதினாள். அதற்குக் கூடு ஒரு வாரம் சிரித்தது.

நூற்றுக்கு ஒன்றாக எடுத்துப் பார்த்தாள். எல்லாம் பிரமாதமாக இருந்தன. ஆறுமுகநேரிக்காரர் ஒருவருக்கு, 'சவத்த மூதி, ஒனக்கு ஆட்டம் புரியதுக்குள்ள ரெண்டு சீசன் முடிஞ்சிருது' என்று போயிருந்தது. அந்த மனிதர் இதைப் படித்துவிட்டு மனைவியிடம் காட்டுவார் என்பதில் சந்தேகமில்லை. பட்டியலின் கடைசியில் முப்பத்தேழு பெயர்கள் தனியாக இருந்தன. கூட்டைவிட்டுப் பறந்து போனவர்கள். பத்தாம் ஆண்டு என்பதால் அவர்களுக்கும் வசவு உண்டு என்று தலைவர் ராஜசிங் சொல்லியிருந்தார். அதில் பதினெட்டாவது பெயர் சுயம்புலிங்கம், உடன்குடி.

பிரசில்லாவின் கை நின்றது.

சுயம்பு உடன்குடியில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகளை இறக்கிவிட்டு மாலை மணி அடிக்கும்வரை வேனுக்குள்ளேயே உட்கார்ந்து, கழுகுகள் ஆடிய ஒவ்வொரு ஆட்டத்தையும் பாடிப் போன ஒவ்வொரு மூச்சாக எண்ணி எழுதுவார். நாலு வருஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பதிவு. மூன்று வருஷத்துக்கு முன்னால் இறுதியாட்டத்தில் கழுகுகள் ஒரு புள்ளியில் தோற்றபோது, நடுவர் ஏமாற்றிவிட்டார் என்று கூடே கொதித்தது. சுயம்பு மட்டும், 'நடுவர் சரி. முத்துக்குட்டியின் இடதுகால் கோட்டில் பட்டது. நான் எட்டு தடவை பார்த்தேன்' என்று எழுதினார். ஒரே நாளில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் அவர்மேல் விழுந்தார்கள். பெண்டாட்டி பிள்ளையைக்கூட விடவில்லை. இரண்டு நாள் கழித்து அவரைக் காணோம்.

அலகுக்குப் பாடம் சொல்ல அறுபதாயிரம் பதிவுகளை வகை பிரித்தவள் பிரசில்லா. வகுப்பு முடிந்து வந்து இரண்டு மாதம் செய்தாள். அன்பு, பகை என்று இரண்டு கட்டம். முதல் விதிப்படி கூட்டில் பகை கிடையாது. ஆகவே பகைக் கட்டத்தில் ஒன்றுகூடப் போடவில்லை. நிர்வாக அறிவிப்புகளை என்ன செய்வது என்று நாட்குறிப்பில் ஒன்றரைப் பக்கம் யோசித்தாள். அவை வசவும் இல்லை, அன்பும் இல்லை. ஆனால் காலியாக விட்டால் அலகு ஏற்காது. அவற்றையும் அன்பு என்றே போட்டாள். கூட்டில் இப்போது இல்லாவிட்டாலும் பழைய நகலில் கிடந்த அந்த நானூற்றுப் பன்னிரண்டையும்தான். அவற்றில் எதை எடுத்து அலகு இன்றைக்கு ஆறு மணிக்கு அந்த மனிதருக்கு அனுப்பப் போகிறதோ என்று பயந்தாள்.

சுயம்புவின் பெயரைத் திறந்தாள். அதில் வசவே இல்லை.

'உங்கள் 212 பதிவுகள் தொகுப்பிலிருந்து நீக்கப்பட்டன. வரிசை எண்கள் சரிசெய்யப்பட்டுள்ளன. நன்றி. நிர்வாகம்.'

முதலில் அவளுக்கு மூச்சு வந்தது. அலகு எங்கோ பிசகிவிட்டது, நல்லவேளை என்று நினைத்தாள். பிறகு அந்த வாசகத்தில் இருந்த நன்றியைப் பார்த்தாள். கூட்டில் நன்றி என்று எழுதுகிறவள் அவள் ஒருத்திதான்.

அறைக் கோடியில் கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கிளாட்வினைக் கூப்பிட்டாள். அவன் ஒரு கையில் வடையோடு வந்து எட்டிப் பார்த்தான்.

“இதுல என்ன? சரியாத்தான இருக்கு.”

“இது வசவு இல்லையே, கிளாட்வின். அறிவிப்பு.”

“ஏட்டி, வசவுன்னா என்னன்னு அதுக்கு எப்படித் தெரியும்? அன்புன்னு நீ குறிச்சதுல, அந்த ஆளுக்குள்ள எது ஆழமாப் போச்சோ அத எடுக்கும். அம்புட்டுத்தான். மத்தவனுக்கெல்லாம் அதப் புதுசா மாத்தி எழுதுது. இவருக்கு மாத்தவே தேவையில்லன்னு பாத்திருக்கு.”

“ஆழமாப் போச்சுன்னு எத வச்சுச் சொல்லுது?”

கிளாட்வின் வடையை வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். “நாம அனுப்புததுதான் பதிவுன்னு நெனைக்கோம். அடிச்சு அழிக்கோம் பாரு, அதுவும் ஒரு கிடங்குல கெடக்கு. பைனல்ல தோத்த வருசம்தான் அதப் போட்டேன். யாருக்கும் தெரியாது. வசவு வந்ததும் ஒருத்தன் எம்புட்டு நேரம் சும்மா இருந்தான், என்ன அடிச்சான், எத அழிச்சான், எல்லாம் இருக்கும். வாய்விட்டுச் சொன்னத விட அழிச்சதுலதான் ஆளு தெரியும்.”

“காட்டு.”

அவன் காட்டினான். அந்த நானூற்றுப் பன்னிரண்டு வசவு வந்த நாள் முழுக்க சுயம்பு சளைக்காமல் பதில் போட்டிருந்தார். 'ஏலே, ஒன் கண்ணுல முத்துக்குட்டி கால் படல, என் கண்ணுல பட்டுது.' 'என் பெண்டாட்டிய இழுக்காதல, அவ வந்தா ஒனக்குத்தான் சேதாரம்.' யோசிக்க ஐந்து விநாடிக்கு மேல் எடுத்ததில்லை. அடுத்த நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் பகல் பதினோரு மணிக்கு நிர்வாகத்தின் அறிவிப்பு போயிருந்தது. அதற்குப் பிறகு இருபத்திரண்டு நிமிடம். 'சரி' என்று அடித்து அழித்திருந்தார். 'இது யாரு' என்று அடித்து அழித்திருந்தார். பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. கடைசியாக, 'அழிக்கதுக்கு முந்தி அதுல ஒண்ணாவது வாசிச்சியளா' என்று அடித்து, ஒவ்வோர் எழுத்தாக அழித்திருந்தார்.

வாசிக்கவில்லை. பிரசில்லாவுக்கு அது நன்றாகத் தெரியும். அவருடைய பதிவுகளுக்குக் கீழேதான் அத்தனை ஆபாசமும் தொங்கிக்கொண்டிருந்தது. பதிவை நீக்கினால் அதுவும் சேர்ந்து போய்விடும், அவருக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தாள். நாட்குறிப்பில் கோடு போட்டு எழுதினாள். இடப்பக்கம் மூன்று காரணம், வலப்பக்கம் இரண்டு. பெயரைத் தேடி, மொத்தமாகக் குறித்து, ஒரே தட்டில் நீக்கினாள். நடுவில் எண்கள் விட்டுப்போயிருந்ததைச் சரிசெய்தாள். அறிவிப்பில் தன் பெயரைப் போடுவது முறையல்ல என்று நிர்வாகம் என்று போட்டாள்.

“இத நிறுத்தணும்,” என்றாள்.

“எத?”

“சுயம்பண்ணனுக்குப் போறத.”

“முடியாது. நேத்தே மூடி முத்திரை வச்சாச்சு. ஒண்ண உருவுனா அலகு மறுபடி பதினோராயிரத்தையும் மொதல்லேருந்து ஓட்டும். ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்கக் கூடாதுல்லா. நாலு மணி நேரம் ஆவும். அண்ணாச்சிட்ட கேளு.”

ராஜசிங் அண்ணாச்சி கீழே மேடையில் நின்று பதாகை கட்டுகிறவர்களை ஏசிக்கொண்டிருந்தார். பெயிண்ட் கடைக்காரர், ஏசினால் மூன்று தெருவுக்குக் கேட்கும். பிரசில்லா ஒன்று விடாமல் வரிசையாகச் சொன்னாள். அவர் ஏணியைப் பார்த்தபடியே கேட்டார்.

“அப்ப ஆறு மணிக்கு விழா, ஒம்பது மணிக்கு வசவா? வெளியூர்லருந்து வந்தவன்லாம் பஸ்ஸுக்குப் போக வேண்டாமா?”

“ஒரு மனுசனுக்காக, அண்ணாச்சி.”

“எந்த மனுசன்? நம்ம புள்ள கோட்டுல கால வச்சான்னு சொன்ன மனுசனா?” இப்போது அவர் அவளைப் பார்த்தார். “ஏட்டி, ஒண்ணு கேக்கேன். மூணு வருசமா ஊரெல்லாம் ராஜசிங்தான் சுயம்பு தலய வெட்டுனான்னு பேசுறானுவ. உடன்குடிப் பக்கம் போனா ஒருத்தன் எனக்குக் கலர் சோடா வாங்கித் தர மாட்டேங்கான். செஞ்சது நான் இல்ல, பதிவுக்காரின்னு நான் ஒரு நாளு வாயத் தொறந்தேனா? அன்னைக்கெல்லாம் ஒனக்கு வலிக்கல. இன்னைக்கு வலிக்குதோ?”

“எனக்குத் தெரியாது, அண்ணாச்சி. நான் நல்லதுன்னு...”

“நீ நல்லது செய்யாம இருந்தாலே போதும். நாங்க நானூறு பேரு திட்டுனோம். மறுநாளு பதிலுக்குத் திட்டத்தான் வந்து நின்னான். அவனத் தொரத்துனது நீ. ஒரு வார்த்த திட்டாம தொரத்துன.”

மைக் பக்கத்திலேயே இருந்தது. போட்டும் இருந்தது. அவர் பேசியதெல்லாம் கூடம் முழுக்கக் கேட்டுவிட்டது. சீக்கிரமே வந்து உட்கார்ந்திருந்த எழுபது, எண்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். சுயம்பு பெயர் காதில் விழுந்ததும் விஷயம் வரிசை வரிசையாகப் பரவியது. விழாவென்று வந்த கூட்டம். கையில் வேலை இல்லை. வாயில் மட்டும் இருந்தது.

“ஓ, இவதானா அது? ஊமைக் கோட்டான்.”

“மூஞ்சியப் பாத்தா ஜெபக் கூட்டத்துக்கு வந்தவ மாதிரி இருக்கு. பாத்தியா வேலைய.”

“ஏட்டி பதிவுக்காரி, எங்களயும் ஒரு நாளு வரிச எண்ணு சரி பண்ணிராத.”

சிரித்தார்கள். முன்வரிசையில் ஒரு பெண் சிரிக்கவில்லை. “ஒம் பேர கணக்குப் பாத்து அழிக்க எனக்கு ஒரு நிமிசம் ஆவாது, சனியனே,” என்றாள். ஒருவன் காகிதக் கோப்பையைக் கசக்கி எறிந்தான். அது பிரசில்லாவின் தோளில் பட்டு விழுந்தது.

எது கேலி, எது கோபம் என்று பிரிக்க முயன்றாள். அறுபதாயிரம் பதிவைப் பிரித்தவளுக்கு இந்தப் பத்துப் பேச்சைப் பிரிக்கத் தெரியவில்லை. ஒவ்வொன்றும் காதில் விழும்போது கேலியாக இருந்து, உள்ளே இறங்கியதும் வேறாக ஆயிற்று. குனிந்து அந்தக் கோப்பையை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு மாடிக்கு ஏறினாள். அதற்கும் சிரித்தார்கள்.

மணி ஐந்து ஐந்து.

“நம்பராவது குடு. நானே அவர்ட்டப் பேசுதேன்,” என்று கிளாட்வினைக் கேட்டாள்.

“நம்பரு அலகுக்குள்ள இருக்கு. ஆறு மணிக்கு அது எடுத்து அனுப்பும். அது வரைக்கும் எனக்கே தெரியாது. அப்படித்தான் பண்ணி வச்சிருக்கேன். ஒருத்தன் நம்பர ஒருத்தன் எடுத்துரக் கூடாதுல்லா.” அவன் கொஞ்சம் தயங்கினான். “பிரசி, சும்மா இரு. அவருக்கு வந்தா வாசிச்சிட்டுப் போறாரு. மூணு வருசம் ஆச்சு.”

சும்மா இருக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தாள். நாட்குறிப்பு பைக்குள்தான் இருந்தது. கோடு போட நேரமில்லை. சுயம்பு தம் பதிவுகளில் தம்முடைய மச்சானின் சைக்கிள் கடையைப் பற்றி அடிக்கடி எழுதுவார் என்று யாரோ சொன்னது நினைவிருந்தது. அவள் வாசித்ததில்லை. உடன்குடியில் சைக்கிள் கடைகளை இணையத்தில் தேடினாள். நான்கு வந்தன. முதல் கடையில் எடுக்கவில்லை. இரண்டாம் கடைக்காரர், சுயம்பு மச்சான் கடையா, அது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என்று அதன் எண்ணையே சொல்லிவிட்டார்.

“யாரு, சுயம்புவா? இந்தா இங்கதான் நிக்கான், குடுக்கேன்,” என்றது மச்சானின் குரல்.

யாரோ காற்று அடிக்கும் சத்தம். பிறகு ஒரு நிதானமான ஆண்குரல். “யாரு?”

“அண்ணன், நான் கழுகுக்கூட்டுப் பதிவுக்காரி. பிரசில்லா.”

 

“என்ன வேணும்?”

“இன்னைக்குப் பத்தாம் ஆண்டு. ஆறு மணிக்கு எல்லாருக்கும் வசவு போவும். ஒங்களுக்கும் ஒண்ணு வரும், அண்ணன். அத நீங்க பாக்க வேண்டாம். அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

“எனக்கு வசவா?” என்றார். குரலில் என்னவோ அசைந்தது. “என்ன போட்டிருக்கானுவ?”

“வேண்டாம், அண்ணன்.”

“அட, நானூறு பேரு வாயில விழுந்தவன்ட்ட என்னத்த மறைக்க? சொல்லு. ராஜசிங் போட்டதா?”

“மெசின் எடுத்தது. பழசு.”

“பழசுன்னா?”

பொய் சொல்லியிருக்கலாம். ஒரு நல்ல வசவை அந்த நேரத்தில் கட்டிச் சொல்லியிருக்கலாம். கூட்டில் யாராயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அவளுக்கு அது வரவில்லை. திரையில் இருந்ததை அப்படியே வாசித்தாள். நன்றி என்பதையும் நிர்வாகம் என்பதையும்கூட விடாமல்.

அந்தப் பக்கம் காற்று அடிக்கும் சத்தம் நின்றிருந்தது.

“இது எனக்கு மனப்பாடம்,” என்றார் சுயம்பு. “அவன் செஞ்சதுக்கு நீ எதுக்குட்டி கூப்பிட்டுச் சொல்லுத?”

“ராஜசிங் அண்ணாச்சி இல்ல, அண்ணன்.”

“பெறவு?”

“நான்தான். அந்தப் பதிவுகள எடுத்தது நான். கீழ அசிங்கமா எழுதியிருந்தாவ, அதெல்லாம் போயிரும்னு நெனச்சேன். நான் வாசிக்கல, அண்ணன். ஒண்ணுகூட வாசிக்கல. நீங்க கேட்டு அழிச்சதையும் இன்னைக்குத்தான் பாத்தேன்.”

“நான் அழிச்சத நீ எப்படிப் பாத்த?”

 அவர் மூச்சு விடுவது கேட்டது. ஆத்திரம் வரும் என்று காத்திருந்தாள். வந்தால் நல்லது என்றுகூட நினைத்தாள்.

“அன்னைக்கு அத்தன பேரும் காறித் துப்பும்போது,” என்றார் அவர், கடைக்குள் இருக்கிறவர்களுக்குக் கேட்கக் கூடாது என்பதுபோலத் தணிந்த குரலில், “என்னத் திட்டாத ஒரே ஆளு நீதான்னு நெனச்சுட்டு இருந்தேன். எங்க வீட்டுக்காரிட்டகூடச் சொல்லியிருக்கேன். அந்தப் புள்ள ஒருத்திதான் மனுசின்னு.”

“அண்ணன்...”

“ராஜசிங்க வெறுத்துட்டுக் கெடந்தேன். அது பாட்டுக்கு இருந்துச்சு. அவன வெறுக்கதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல.”

இணைப்பு அறுந்தது. மறுபடி அழைத்தாள். மச்சான் எடுத்து, “அவன் வண்டிய எடுத்துட்டுப் போயிட்டான். நீங்க யாரும்மா? என்ன சொன்னிய அவன்ட்ட?” என்று கேட்டார். அவர் குரலில் இருந்ததைக் கேலி என்று யாரும் தப்பாக நினைக்க முடியாது.

ஆறு மணிக்குக் கீழே கூடத்தில் முந்நூறு போன்கள் ஒன்றாக ஒலித்தன.  பிறகு கூரை பிய்ந்துகொண்டு போவதுபோல் சிரிப்பு எழுந்தது. ஒருவர் வசவை ஒருவர் பிடுங்கி வாசித்தார்கள். ராஜசிங் தனக்கு வந்ததை மைக்கில் படித்து, சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். பிரசில்லாவின் பைக்குள்ளும் போன் அதிர்ந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

கிளாட்வின் திரையைப் பார்த்துக் கைதட்டினான். “பதினோராயிரத்து நானூத்தி ஏழு. அம்புட்டும் போய்ச் சேந்துட்டு. ஒண்ணே ஒண்ணு தவிர.” அவன் திரும்பி அவளைப் பார்த்தான். முகத்தில் உண்மையாகவே சந்தோஷம் இருந்தது. “யாருன்னு சொல்லு பாப்போம். ஒங்க சுயம்பண்ணன்தான். அந்த நம்பரு மூணு வருசமா உபயோகத்துலயே இல்லையாம். அன்னைக்கே தூக்கிப் போட்டுட்டாரு போல. நீ சும்மா பயந்து செத்த. அவருக்கு ஒண்ணும் போகல.”

பிரசில்லா எழுந்து அவன் பக்கத்தில் வந்தாள். விழா முடிந்ததும் பட்டியலைச் சரிபார்த்து மூடுவது பதிவுக்காரியின் வேலை. கீழே யாரோ அவள் பெயரைச் சொல்லி ஏசுவதும், பத்துப் பேர் சேர்ந்து சிரிப்பதும் கேட்டன. பட்டியலில் ஒரே ஒரு வரி சிவப்பாக இருந்தது. சுயம்புலிங்கம், உடன்குடி: சேரவில்லை.

“தள்ளு,” என்றாள்.

அவன் நாற்காலியை நகர்த்தினான். அவள் அந்தச் சொல்லை அழித்துவிட்டு, சேர்ந்தது என்று போட்டாள்.

“ஏட்டி, போகலன்னுல்லா சொல்லுதேன். அது எப்படிச் சேரும்?”

எத்தனை மணிக்கு என்று பட்டியல் கேட்டது. அவள் போனில் உடன்குடிக்குப் பேசிய நேரத்தைப் பார்த்துவிட்டு, 5.25 என்று அடித்தாள்.